நிறம் சொல்லும் செய்தி

இந்தியாவில் மன்னார் வளைகுடா, கட்ச் வளைகுடா, இலட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகிய நான்கு பகுதிகளில் பெரும் பவளப்பாறைகள் உள்ளன. பவளம் கல்லன்று, உயிர். நுண்ணிய உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, சுண்ணாம்பைச் சுரந்து எழுப்பிய மாளிகையே பவளப்பாறை. அவ்வுயிர்களின் உடலுக்குள் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியால் உணவு ஆக்கிப் பவளத்திற்கு அளிக்கின்றன; பழுப்பு நிறத்தையும் தருகின்றன.

கடல்நீர் அளவு கடந்து சூடானால் பவளம் தன் பாசிகளை இழக்கும். அப்போது ஒளி புகும் உடலின் வழியே வெள்ளைச் சுண்ணாம்புக்கூடு தெரியும். இதனைப் 'பவளம் வெளுத்தல்' என்பர். 2016ஆம் ஆண்டில் இலட்சத்தீவிலும் மன்னார் வளைகுடாவிலும் இது நிகழ்ந்தது.

வெளுப்பை அளக்க ஒரு நிற அட்டை உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002ஆம் ஆண்டில் தொடங்கிய 'கோரல் வாட்ச்' திட்டம் அதனை வழங்கியது. அதில் நான்கு நிற வரிசைகள் உள்ளன. ஒவ்வொரு வரிசையிலும் 1 முதல் 6 வரை எண்ணிட்ட கட்டங்கள் உண்டு. 1 மிக வெளிறியது, 6 மிக அடர்ந்தது. நீர் சிவப்பு ஒளியை விரைவில் உறிஞ்சிவிடும். ஆதலால் அட்டையை நீருக்குள்ளேயே பவளத்தின் அருகில் பிடித்து ஒப்பிடுவர். ஒரு பவளத்தின் எண் இரண்டோ அதற்கு மேலோ குறைந்தால், பாசிகள் குறைந்துள்ளன என அறியலாம்.

இத்தகைய அளவுகளைக் கணினியில் விளக்கப்படமாக்கும் ஓவியர் நிறக்கலவையை அறிந்திருத்தல் வேண்டும். திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகள் 0 முதல் 255 வரையிலான அளவுகளில் கலக்கின்றன. சிவப்பு 120, பச்சை 80, நீலம் 40 எனக் கலந்தால் பழுப்பு பிறக்கும். அதனை ஆறாம் கட்டமாகக் கொள்க. அடுத்தடுத்த கட்டங்களில் சிவப்பை 27, பச்சையை 35, நீலத்தை 43 எனக் கூட்டிச் சென்றால் நிறம் படிப்படியாக வெளிறும்; முதற்கட்டத்தில் மூன்றும் 255 ஆகி வெள்ளை தோன்றும். அச்சில் இம்முறை செல்லாது. மை ஒளியை உறிஞ்சுவதால், மைகள் சேரச் சேர நிறம் இருளும்.

ஓவியர் மறவாது காக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. வெளுத்த பவளம் இறந்த பவளம் அன்று. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசிகள் மீண்டும் பெருகும், பவளம் பிழைக்கும். இறந்த பவளத்தின்மீதோ வேறு பாசிகள் படர்ந்து, அது பச்சையாகவோ பழுப்பாகவோ தோன்றக்கூடும். எனவே இறந்ததைக் கோடிட்டு வேறுபடுத்திக் காட்டல் நன்று. இரண்டையும் ஒன்றாகத் தீட்டினால், காக்கக்கூடிய உயிரையும் இழந்துவிட்டதாக மக்கள் எண்ணிவிடுவர்.

அருஞ்சொற்பொருள்
சுரத்தல் – ஊறி வெளிப்படுதல்
வெளிறுதல் – நிறம் மங்குதல்
தணிதல் – குறைதல்

பயிற்சி
1. பவளம் வெளுப்பது ஏன்?
2. நிற அட்டையை நீருக்குள்ளேயே ஒப்பிடுவதன் காரணம் யாது?
3. நான்காம் கட்டத்தின் மூன்று ஒளி அளவுகளைக் கணக்கிட்டு எழுதுக.
4. பிரித்து எழுதுக: சுண்ணாம்புக்கூடு, விளக்கப்படம்.