எத்தனை தடவை? ஆட்டிசம் பரிசோதனைக்குப் போகும் முன் எண்ணிப் பாருங்கள்

சுருளிப்பட்டியிலிருந்து தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால், கம்பம் வந்து, உத்தமபாளையம், சின்னமனூர், தேனி தாண்டி க.விலக்கில் இறங்க வேண்டும். 50 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்த மூன்று வயதுப் பிள்ளை, முன்பின் பார்க்காத அறையில் எப்படி இருக்கிறதோ அதைத்தான் டாக்டர் பார்ப்பார். வீட்டில் எப்படி இருக்கும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதற்கு எப்படித் தயாராவது என்று இங்கே பார்க்கலாம்.

எப்போது போக வேண்டும்?

"ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்", "அவங்க அப்பனும் அப்படித்தான் இருந்தான்" என்று வீட்டில் சொல்வார்கள். பேச்சு தாமதமானால் மட்டும் அது ஆட்டிசம் ஆகிவிடாது. ஆனால் ஒன்றரை வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் நின்றுபோனாலும் உடனே காட்ட வேண்டும். சின்ன வயதில் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம். இன்னொன்று: தாய் சரியாக வளர்க்காததால் ஆட்டிசம் வருவதில்லை. யார் சொன்னாலும் அந்தப் பழியை ஏற்க வேண்டாம்.

எங்கே தொடங்குவது?

அங்கன்வாடியில் தொடங்கலாம். 2013-ல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வரும். அதுவரை பொறுக்க முடியாதென்றால் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். மாவட்ட அளவில் குழந்தைகளின் வளர்ச்சியைப் பரிசோதிக்கும் இடையீட்டு மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கிழமையில் பார்ப்பார்கள் என்று விசாரித்துவிட்டுக் கிளம்பினால் ஒரு நாள் கூலி மிச்சம். 104-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

டாக்டர் என்ன கேட்பார்?

முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். காது கேட்காத பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாது அல்லவா? ஒன்றரை முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்கு, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும் 20 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. மூன்று வயதுக்கு மேல், ஆட்டிசத்துக்கான இந்திய மதிப்பீட்டு அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். பழகும் விதம், உணர்ச்சி, பேச்சு, நடத்தை, புலன்கள், அறிவு ஆகிய ஆறு பிரிவுகளில் அதில் 40 கேள்விகள் உள்ளன.

அந்த அளவுகோல், ஒரு பழக்கம் இருக்கிறதா இல்லையா என்பதோடு நிற்பதில்லை. எவ்வளவு அடிக்கடி என்று கேட்கிறது. 100-க்கு 20 தடவை வரை என்றால் மதிப்பெண் 1. 80-க்கு மேல் என்றால் 5. "சில நேரம் திரும்புவான், சில நேரம் திரும்ப மாட்டான்" என்று சொன்னால் மதிப்பெண் போடுவது கஷ்டம். "10 தடவை கூப்பிட்டேன், 2 தடவை திரும்பினான்" என்றால் டாக்டருக்குத் தெளிவாகப் புரியும்.

ஒரு வாரம் செய்ய வேண்டியது

ஒரு நோட்டிலோ போனிலோ தேதி போட்டுத் தினமும் நாலு வரி எழுதுங்கள். கூப்பிட்டபோது எத்தனை தடவை திரும்பினான்? மிக்சி சத்தத்துக்கு எத்தனை தடவை காதைப் பொத்தினான்? வேண்டியதைக் கேட்டானா, கையைப் பிடித்து இழுத்தானா? நல்லதையும் எழுதுங்கள். தங்கச்சிக்கு மிட்டாய் கொடுத்தான் என்றால் அதுவும் முக்கியம்.

ஒன்று, இரண்டு நிமிட வீடியோ நாலைந்து எடுங்கள். தனியாக விளையாடுவது, சாப்பிடுவது, மற்ற பிள்ளைகளோடு இருப்பது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது. சொல்லிக்கொடுத்து எடுக்க வேண்டாம். இந்த வீடியோ டாக்டருக்கு மட்டும்தான்; வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

திராட்சைத் தோட்ட வேலைக்கு விடிவதற்குள் கிளம்பும் வீடுகளில் பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்ப்பது அப்பத்தாவோ அம்மாச்சியோதான். அவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். முடிந்தால் கூடவே அழைத்துப் போங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

ஆதார், பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு, முன்பு பார்த்த டாக்டர் சீட்டுகள். பிள்ளைக்குப் பிடித்த பொம்மை, தின்பண்டம், தண்ணீர், மாற்றுத்துணி. "டாக்டர் கேட்டா வணக்கம் சொல்லணும்" என்று முதல் நாள் இரவு பழக்காதீர்கள். பிள்ளை எப்போதும் போல் இருக்கட்டும்.

திரும்பும் முன் கேட்க வேண்டியவை

ஒரே நாளில் முடிவு தெரியாமல் போகலாம். அதனால் மூன்று கேள்விகளைக் கேட்காமல் வர வேண்டாம். இன்று பார்த்ததை எழுதித் தருவீர்களா? அடுத்து எப்போது வரணும்? அதுவரை வீட்டில் என்ன பயிற்சி செய்யணும்?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. முடிவு உறுதியானால் தனித்துவ அடையாள அட்டைக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் போனிலேயே விண்ணப்பிக்கலாம். அட்டை வரும்போது வரட்டும். பேச்சுப் பயிற்சியும் விளையாட்டுப் பயிற்சியும் தொடங்க அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. டாக்டர் சொல்லிக்கொடுத்ததை மறுநாள் காலையிலேயே வீட்டில் ஆரம்பித்துவிடுங்கள். எண்ணி எழுதும் அந்த நோட்டையும் நிறுத்த வேண்டாம். அடுத்த முறை போகும்போது 10-ல் 2 தடவை திரும்பியது 4 ஆகியிருக்கிறதா என்று அதுதான் காட்டும்.