பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? முதல்முறை இறங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

1980, 90களில் கட்டிய கான்கிரீட் வீடுகள் பல இன்று பழுதுபார்க்கும் வயதுக்கு வந்துவிட்டன. வீட்டுக்காரர்கள் பலர் நேரே டைல்ஸ் கடைக்குப் போகிறார்கள். கசிவைச் சரிசெய்யாமல் அழகுபடுத்துவதால், அடுத்த மழையிலேயே புதுப் பெயின்ட் உப்பி உதிர்கிறது. மனசு வலிக்கும் செலவு அது. கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்கு முதலில் பணத்தை ஒதுக்குங்கள். அழகு வேலை மிச்சப் பணத்தில் நடக்கட்டும்.

1. மொட்டை மாடியில் தொடங்குங்கள்

நல்ல மழை பெய்த மறுநாள் மாடிக்குப் போங்கள். தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறதோ, அங்கே வாட்டம் சரியில்லை என்று அர்த்தம். தட்டோட்டு இடுக்குகள், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய் ஆகிய மூன்றையும் உட்கார்ந்து பாருங்கள். கசிவு பெரும்பாலும் இங்கிருந்துதான் இறங்கும்.

பிறகு கீழே வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, சின்னச் சுத்தியலால் கூரையின் அடிப்பக்கத்தை மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் 'கணீர்' என்று ஒலிக்கும். உள்ளே விட்டுப்போன இடம் 'டொப்' என்று கேட்கும். அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஈரம் பட்ட கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. அதன்மேல் சிமென்டை அப்பினால் மறுபடியும் விழும். தளர்ந்ததை முழுக்கக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் மூட வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் மேஸ்திரியின் யோசனை போதாது. கட்டுமானப் பொறியாளரை அழையுங்கள்.

2. குழாயும் பாத்ரூமும்

பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்கள் உள்ளே துருவேறி அடைத்திருக்கும். சுவரைக் கொத்தும்போதே மாற்றிவிடுங்கள். பாத்ரூம் தரைக்கு நீர்க்கசிவுத் தடுப்பு அடித்துக் காய்ந்ததும், வடிகால் வாயை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் கட்டி வையுங்கள். கீழ்க்கூரையில் ஈரம் தெரியாவிட்டால் மட்டும் டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள்.

3. வயரிங்

இரண்டு ட்யூப்லைட்டுக்கும் ஒரு ஃபேனுக்கும் போட்ட வயர், ஏசியையும் கீசரையும் தாங்காது. ஒன்றரை டன் ஏசிக்குத் தனி லைனில் 4 சதுர மில்லிமீட்டர் வயர் போடுவது வழக்கம். எர்த்தைச் சோதித்து, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வையுங்கள். உயிர் காக்கும் கருவி அது. பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். நாளை ஆணி அடிக்கும்போது உதவும்.

4. சுவரை இடிக்கும் முன்

தூண்கள் இல்லாமல் கட்டிய வீட்டில் ஒன்பது அங்குலச் சுவர்தான் பெரும்பாலும் தளத்தைத் தாங்குகிறது. ஹாலைப் பெரிதாக்கும் ஆசையில் அதைத் தொடாதீர்கள். நாலரை அங்குலச் சுவரையும் பொறியாளர் பார்த்த பிறகே இடிக்க வேண்டும். மாடி எழுப்புவதாக இருந்தால் உள்ளாட்சி அனுமதி தேவை.

5. பணமும் பேச்சும்

மதிப்பீட்டுக்கு மேல் 15 சதவீதமாவது கையில் வையுங்கள். பழைய வீட்டைக் கொத்தினால் புதுப்புது வேலை கிளம்பும். லேபர் காண்ட்ராக்டா, பொருளோடு சேர்த்தா, இடிபாட்டை அள்ளும் செலவு யாருடையது என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். வேலை முடிந்த அளவுக்கே பணம். கடைசித் தவணையைக் குறைகள் தீரும்வரை கொடுக்காதீர்கள்.

6. மாதமும் வரிசையும்

பொங்கல் முடிந்ததும் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிக்கலாம். இடிப்பு, கான்கிரீட் பழுது, குழாய், வயரிங், பூச்சு, டைல்ஸ், மரவேலை, பெயின்ட் என்று வரிசை போகட்டும். அதே வீட்டில் குடியிருந்தால் ஒரு பாத்ரூமைக் கடைசிவரை விட்டுவையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் திண்டாடக் கூடாது.

பிபிசி (போசோலனா கலந்த) சிமென்டில் போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் விட வேண்டும். யார் அவசரப்படுத்தினாலும், புதுப் பூச்சு உள்வரை காயும் முன் பட்டி பார்க்க விடாதீர்கள்.