"இப்படி ஆனால் என்ன ஆகும்?": கணக்குத் தாளிடம் கேட்டுப் பழகுவோம்



1960-ஆம் ஆண்டு. பெரிய ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு வந்த காலம். தோட்டம் கைமாறினால் பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிகளுக்கு வேலையும் போகும், லயத்து வீடும் போகும். அப்போதுதான் நம் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. அதையும் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டத்தையே வாங்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

அந்த முயற்சிக்குள் ஒரு கணக்கு இருக்கிறது, கவனித்தீர்களா? ஒரு பேச்சுக்கு, தோட்டத்தின் விலை பத்து லட்சம் வெள்ளி என்றால் பத்தாயிரம் பங்கு சேர வேண்டும். சேர வேண்டிய இடத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கு என்ன தேவை என்று பின்னோக்கி வருகிறோம். இதே வேலையை இன்று எக்செல் செய்கிறது. அதன் பெயர் கோல் சீக், அதாவது இலக்கைத் தேடுதல். இந்த மாதப் பாடம் அதுதான்.

ஒரு தம்பியின் கேள்வி

ஈப்போவில் நடந்த கணினி வகுப்பில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, தோட்டத்து வீட்டை விட்டு வந்து பதினைந்து வருஷமா வாடகை வீடுதான். 200,000 வெள்ளிக்கு ஒரு வீடு பார்த்திருக்கோம். வாங்கலாமா?"

"வாங்கலாமா வேண்டாமான்னு நான் எப்படிப்பா சொல்றது? வா, தாளைக் கேட்போம்" என்றேன்.

முன்பணம் 20,000 இருக்கிறது. கடன் 180,000. வட்டி 4 விழுக்காடு, 35 ஆண்டு. அவரும் அம்மாவும் வேலை செய்து கைக்கு வருவது 2,600 வெள்ளி. வீட்டுத் தவணை தவிர்த்த மற்ற செலவு 1,900. நீங்களும் கணினியைத் திறந்து கூடவே போடுங்கள்:

பி1: கடன், 180000
பி2: வட்டி, 4%
பி3: ஆண்டுகள், 35
பி4: மாதத் தவணை, =பிஎம்டி(பி2/12, பி3*12, -பி1)
பி5: வருமானம், 2600
பி6: மற்ற செலவு, 1900
பி7: மிச்சம், =பி5-பி6-பி4

(சூத்திரத்தை அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.) தவணை 797 வெள்ளி என்று வரும். மிச்சம் கழித்தல் 97. அதாவது மாதா மாதம் 97 வெள்ளி துண்டு விழும்.

இலக்கைத் தேடுவது

"சரிண்ணே, அப்போ எவ்வளவு கடன் தாங்கும்?" இதுதான் சரியான கேள்வி. பி1-இல் ஒவ்வொரு எண்ணாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. டேட்டா, அதில் வாட்-இஃப் அனாலிசிஸ், அதில் கோல் சீக். மூன்று கட்டங்கள் வரும்:

1. செட் செல்: பி7 (எந்தக் கட்டம் இலக்கை அடைய வேண்டும்?)
2. டு வேல்யூ: 0 (இலக்கு எவ்வளவு?)
3. பை சேஞ்சிங் செல்: பி1 (எதை மாற்றலாம்?)

ஓகே கொடுத்தால் பி1-இல் ஏறத்தாழ 158,094 என்று வந்து நிற்கும். துண்டு விழாமல் தாங்கக்கூடிய கடன் அவ்வளவுதான். லிப்ரே ஆபீஸ் இலவச மென்பொருளில் இதே வசதி டூல்ஸ் பகுதியில் இருக்கிறது.

மூன்று விஷயம் மறக்கக் கூடாது. இலக்குக் கட்டத்தில் சூத்திரம் இருக்க வேண்டும். மாற்றும் கட்டத்தில் வெறும் எண்தான் இருக்க வேண்டும். கோல் சீக் பழைய எண்ணின் மேலேயே புதியதை எழுதிவிடும். ஆகவே முதலில் தாளுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

நாளைக்கு மாறினால்?

இப்போது மிச்சம் சுழியம். இதை நம்பிக் கையெழுத்துப் போடலாமா? நம் நாட்டில் பெரும்பாலான வீட்டுக் கடன்களின் வட்டி நிலையானதல்ல. பேங்க் நெகாரா தன் அடிப்படை வட்டியான ஓ.பி.ஆரை மாற்றினால் தவணையும் மாறும். கோவிட் காலத்தில், 2020 ஜூலையில், அது 1.75 விழுக்காடாக இறங்கியது. 2022 மே முதல் ஏறத் தொடங்கி 2023 மே மாதம் 3.00 ஆனது. ஒரே ஆண்டில் 1.25 விழுக்காட்டுப் புள்ளி ஏற்றம்! 2025 ஜூலையில்தான் 2.75-க்கு இறங்கியது.

ஆகவே பி1-இல் 158000 என்று வைத்துக்கொண்டு, அதே வாட்-இஃப் அனாலிசிஸில் சினாரியோ மேனேஜரைத் திறங்கள். மாறும் கட்டங்கள் பி2, பி5. மூன்று சூழல்களுக்குப் பெயர் கொடுத்துச் சேமியுங்கள்:

• இன்றுள்ளபடி: வட்டி 4%, வருமானம் 2,600. தவணை 700. துண்டு இல்லை.
• வட்டி ஏறினால்: 5.25%, வருமானம் 2,600. தவணை 823. மாதம் 123 துண்டு.
• வட்டியும் ஏறி, அம்மாவின் ஓ.டி.யும் 150 குறைந்தால்: மாதம் 273 துண்டு.

சம்மரி பட்டனை அழுத்தி, முடிவுக் கட்டமாக பி7-ஐக் கொடுத்தால் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே அட்டவணையில் வரும். தம்பி அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே பி2-இல் 5.25% போட்டு கோல் சீக்கை மறுபடி ஓட்டினார். கடன் ஏறத்தாழ 134,400 என்று வந்தது. "அப்போ முன்பணத்தையும் சேர்த்து 154,000-க்குள்ள வீடு பார்க்கணும்ணே" என்றார். வீடு வேண்டாம் என்று தாள் சொல்லவில்லை. எந்த வீடு என்று சொல்லியது. வக்கீல் கட்டணம் போன்ற செலவுகளையும் முன்பணத்தில் கழித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

இன்னொன்று

158,000 கடனுக்கு மாதம் 700 வீதம் 35 ஆண்டு கட்டினால் மொத்தம் ஏறத்தாழ 294,000 வெள்ளி. வட்டி மட்டும் 136,000! இப்போது வட்டியை 4% என்று திருப்பி வைத்து, கோல் சீக்கில் பி4-ஐ 800 ஆக்க பி3-ஐ மாற்றச் சொல்லுங்கள். 35 என்பது 26.9 ஆகும். மாதம் 100 வெள்ளி கூடக் கட்ட முடிந்தால் எட்டு ஆண்டு முன்னதாகவே கடன் தீர்ந்துவிடும். ஏறத்தாழ 36,000 வெள்ளியும் மிஞ்சும். ஆனால் கூடக் கட்டும் பணம் அசலில் கழியுமா என்று வங்கியில் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்குத் தாள் ஜோசியம் சொல்லாது. நாம் போடும் எண் பொய்யானால் அதன் விடையும் பொய்தான். செலவை 1,900 என்று எழுதிவிட்டு 2,200 செலவழித்தால் எக்செல் என்ன செய்யும்?

வீட்டுப் பயிற்சி

அப்பா அம்மாவோடு உட்கார்ந்து, உங்கள் வீட்டின் ஒரு மாத உண்மையான வரவு செலவை எழுதுங்கள். மோட்டார் கடனோ படிப்புக் கடனோ இருந்தால் மேலே காட்டியபடி தாள் போடுங்கள். பிறகு மூன்று சூழல்: இன்றுள்ளபடி, கொஞ்சம் மோசம், ரொம்ப மோசம். மூன்றாவதிலும் துண்டு விழாமல் இருக்க எதை மாற்ற வேண்டும் என்று கோல் சீக்கிடம் கேளுங்கள். விடையை அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்; சேர்ந்து பார்ப்போம்.

பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னே கணக்குப் போடுவோம்.