யாரோ கூப்பிட்டுத்தான் போனோம்

சேரம்பாடி,
நீலகிரி.

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பாயி எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். கோபம் ஒன்றுமில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இடம்பெயர்வின் காரணங்களும் விளைவுகளும் என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தள்ளும் காரணிகள், இழுக்கும் காரணிகள் என்று புத்தகத்தில் இரண்டு பட்டியல் இருக்கிறது. நம் குடும்பம் சிலோனுக்குப் போனதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று கேட்டாய். முப்பது வருஷம் நானும் அந்தப் பாடத்தைத்தான் நடத்தினேன். பஞ்சம், கடன், வேலையின்மை ஒரு பக்கம். கூலி, வசதி இன்னொரு பக்கம். தப்பில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிறான், புத்தகத்தில் அவனைக் காணோம். அவன் கூப்பிட வந்தவன். அவனை விட்டுவிட்டு எழுதினால், காற்றடித்துப் போன சருகு மாதிரி ஜனங்கள் எங்கோ போய் விழுந்தார்கள் என்று ஆகிவிடும். நம்மவர்கள் அப்படிப் போகவில்லை.

என் தாத்தாவுடைய அப்பா துறையூர்ப் பக்கத்துக்காரர். மிராசுதார் வீட்டில் படியாள். அவருடைய அப்பாவும் அதே வீட்டில் படியாள்தான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் செத்தார்கள். பஞ்சம் ஓர் ஊரில் விழுந்தால் முதலில் சாவது நிலமில்லாதவன். ஆனாலும், பசித்தவன் பக்கத்து ஊருக்குப் போவான், கஞ்சித்தொட்டிக்குப் போவான், டவுனுக்குப் போவான். பேர் தெரியாத மலைக்குக் கடல் தாண்டிப் போகமாட்டான். அதற்கு ஒருவர் வந்து வழி சொல்ல வேண்டும், கையில் பணம் வைக்க வேண்டும். அப்படி வந்தவர்தான் கங்காணி.

கங்காணி வெள்ளைக்காரன் இல்லை. பக்கத்து ஊர்க்காரர், பல சமயம் சொந்தக்காரர். தோட்டத்துத் துரை கொடுத்த முன்பணத்தோடு வருவார். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு பிற்பாடு பரவியிருந்தது. பிள்ளையாக இருந்தபோது அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. வயிறு காய்ந்தவனுக்குச் சோறு நிலத்தடியில் கிடக்கிறது என்று சொன்னால் நம்பத்தான் செய்வான். வழிச்செலவு, சாப்பாடு, குளிருக்குக் கம்பளி எல்லாமே அவன் கணக்கில் கடனாக ஏறிவிடும். தோணியில் கால் வைக்கும்போதே அவன் கடன்காரன்.

துரைக்கு ஏன் இத்தனை ஆள் தேவைப்பட்டது? கண்டி ராஜ்யம் 1815இல் பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1820களில் மலையில் காப்பி போடத் தொடங்கினார்கள். 1840இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, பத்திரம் காட்ட முடியாத காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் அரசாங்கத்துச் சொத்து என்றார்கள். அதில் ஏராளமான ஏக்கர்கள் தோட்டத்துரைமார் கைக்குப் போயின. கண்டிச் சிங்கள விவசாயிக்குச் சொந்த வயல் இருந்தது. காப்பிப் பழம் பறிக்கிற நேரத்தில் அவனுக்கு வயல் வேலை இருந்தது. தன் காட்டைப் பிடுங்கியவனிடம் கூலிக்குப் போக அவன் ஒப்பவில்லை. ஆகவே கடலுக்கு இந்தப் பக்கம் ஆள் தேடினார்கள். இதை உன் கட்டுரையில் மறக்காமல் எழுது. நம்மவர்கள் போய் இறங்கிய இடம் சும்மா கிடந்த இடமில்லை. அங்கே ஏற்கெனவே ஒருவன் நிலத்தை இழந்து நின்றிருந்தான். அவன் கண்ணில் பட்டது துரை இல்லை, நாம்தான். பின்னால் நடந்த பலவற்றுக்கு வேர் அங்கே இருக்கிறது.

போன வழியைக் கேள். துறையூரிலிருந்து தொண்டிக்கோ தேவிபட்டினத்துக்கோ நடை. அங்கிருந்து தோணியில் மன்னார்க் கரை. மறுபடி நடை, காட்டு வழியாகத் தம்புள்ளை தாண்டி மாத்தளை வரைக்கும். தண்ணீர் இல்லாத வழி. காலரா, காய்ச்சல், பட்டினி. விழுந்தவரைத் தூக்கிச் சுமக்க யாருக்கும் தெம்பில்லை, விட்டுவிட்டு நடந்தார்கள். ஆயிரக்கணக்கில் அந்தப் பாதையில் செத்துப்போனார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ரயிலோடு இணைத்த கப்பல் 1914இல்தான் வந்தது.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது. காப்பிக் காலத்தில் போனவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பழம் பறிக்கிற சில மாதம் அங்கே, மீதி நாள் ஊரில். பெரும்பாலும் ஆம்பிளைகள்தான். 1869இல் காப்பி இலையில் துரு மாதிரி ஒரு பூஞ்சை கண்டது. அடுத்த பதினைந்து இருபது வருஷத்தில் காப்பி அழிந்தது. அதற்குள், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்கிறவர் கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டுப் பார்த்திருந்தார். காப்பி போன இடத்தையெல்லாம் தேயிலை பிடித்தது. தேயிலை வேறு ஜாதிச் செடி. அதற்குப் பருவம் கிடையாது. வாரத்துக்கு ஒரு தரம் அதே செடியில் கொழுந்து வரும், வருஷம் முழுக்க எடுக்க வேண்டும். எடுக்கிறதற்குப் பொம்பிளைக் கைதான் சரி என்று துரைமார் முடிவு செய்தார்கள். ஆம்பிளையை மட்டும் கூப்பிட்டால் ஆகாது, குடும்பத்தோடு கூப்பிட வேண்டும், திரும்பிப் போகாமல் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் லயம் கட்டினார்கள். வரிசையாகப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதாவது தாழ்வாரம்.

காப்பிக்குத் தனியாகப் போன என் தாத்தாவின் அப்பா, அடுத்த நடைக்குப் பெஞ்சாதியோடு போனார். என் தாத்தா லயத்தில் பிறந்தார். ஓர் இலையில் விழுந்த நோய், வந்துபோகிற கூலியைக் குடியேறியவனாக மாற்றிவிட்டது. புத்தகத்துப் பட்டியலில் இதற்கு எங்கே இடம் இருக்கிறது, சொல்லு.

தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் தப்பு அடிப்பார்கள். பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்கப் போய் நிற்க வேண்டும். கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு அம்மா மலைக்கு ஏறுவார். சொன்ன ராத்தல் கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி. கங்காணி கணக்கில் கடன் குறையாது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துண்டு வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவோம் என்று எழுதின ஒரு சீட்டு. மனுஷனை அடகுச் சாமான் ஆக்கின அந்தத் துண்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள். கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மாளும் தோட்டத் தொழிலாளிக்கென்று சங்கம் கட்டியது அதற்கும் பிறகுதான்.

எல்லாமே துன்பம் என்றும் எழுதிவிடாதே. துறையூரில் மிராசுதார் முன்னால் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர்கள் நம்மவர்கள். கண்டிக்குப் போய்விடுவேன் என்று சொல்ல முடிந்ததே படியாளுக்குப் பெரிய பலம். தோட்டத்தில் ஜாதி ஒழியவில்லை, பெரிய கங்காணி பெரும்பாலும் மேல்ஜாதிக்காரராகவே இருந்தார். ஆனாலும் ஒரே லயம், ஒரே தண்ணீர்ப் பீலி, ஒரே மலை என்று ஆனபோது ஊரில் இருந்த சில கட்டுகள் தளர்ந்தன. காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் நம்மோடு கடல் தாண்டின. மாசி மாதம் காமன் ஊன்றினால் அந்தக் குளிரிலும் லயத்தில் யாரும் தூங்க மாட்டார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

பிரஜாவுரிமை விஷயம் நம் வீட்டில் ஆறாத புண். 1947 தேர்தலில் மலைநாட்டிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். மறுவருஷம், சுதந்திரம் வந்த அதே 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அப்பாவோ, தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவுமோ இந்த மண்ணில் பிறந்ததற்குச் சான்று காட்டு என்றார்கள். லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவனுக்கு ஏது காகிதம்? லட்சக்கணக்கானவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் ஓட்டும் போனது. மூன்று தலைமுறை உழைத்து ஏற்றுமதி செய்த தேயிலைக்கு நாடு இருந்தது, அதைப் பறித்த கைக்கு இல்லை.

1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கணக்கில் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். உன் வகுப்பில் இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிப் பார். எழுதும்போது, அந்த மூன்று எண்களில் எந்த ஓர் ஆளையும் கூப்பிட்டு உனக்கு எங்கே இருக்க வேண்டும் என்று முதலில் கேட்கவில்லை என்பதையும் எழுது. அழைத்தவர்கள் வேறு, அனுப்பியவர்கள் வேறு. நடுவில் நின்றவர்களுக்குப் பேச வாய் இல்லை.

எங்க அப்பா சிலோன் பிரஜாவுரிமைக்குக் கொடுத்த மனு தள்ளுபடியானது. அப்புறம் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார். சித்தப்பாவுக்கு சிலோன் கிடைத்துவிட்டது. ஒரே அம்மா வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். அப்போது தோட்டத்தில் பஞ்சம். ரேஷன் மாவு குறைந்துகொண்டே வந்தது, 1973, 74இல் மலையில் பட்டினியால் செத்தவர்களை எங்கள் தலைமுறை மறக்காது. 1973இல் நாங்கள் கிளம்பினோம். எனக்குப் பதின்மூன்று வயது. ஹட்டன் ஸ்டேஷனில் ஏறின ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்று பேர். போகிறவர்களும் அழுவார்கள், வழியனுப்ப வந்தவர்களும் அழுவார்கள். சித்தப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கோச்சி கூடவே நடந்துவந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல். பிறகு ராமேஸ்வரம், மண்டபம் முகாம்.

அப்பா எங்களைத் துறையூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். சொந்த ஊர் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன ஊர். அவர் அதுவரை அதைப் பார்த்ததில்லை. நம் பேரைச் சொன்னதும் யோசித்து, யோசித்து, ஒரு கிழவி மட்டும் ஏதோ ஓர் உறவுமுறை சொன்னார். நிலமில்லை, வீடில்லை. எங்கள் பேச்சைக் கேட்டு, சிலோன்காரங்க வந்திருக்காங்க என்று தெருப் பிள்ளைகள் கூடி நின்றார்கள். சிலோனில் எங்களைக் கள்ளத்தோணி என்றும் வடக்கத்தியான் என்றும் ஏசியிருக்கிறார்கள். சொந்த ஊரில் வெளியூர்க்காரன் ஆனதுதான் அப்பாவை ஒடித்தது. கடைசியில், தாயகம் திரும்பியவர்களுக்கென்று 1968இல் தொடங்கின அரசுத் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து இந்தச் சேரம்பாடிக்கு வந்தோம்.

நூறு வருஷத்துக்குப் பிறகு மறுபடி தேயிலை, மறுபடி கொழுந்துக்கூடை. இங்கேயும் காட்டை வெட்டித்தான் தோட்டம் போட்டார்கள். அந்தக் காட்டில் பணியரும் காட்டுநாயக்கரும் இருந்தார்கள். கண்டி விவசாயியின் இடத்தில் இங்கே அவர்கள். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நம் கஷ்டத்தைச் சொல்கிற வாய் இதையும் சொல்ல வேண்டும்.

1953 கணக்கெடுப்பில் இலங்கையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் நம்மவர்கள். 2012இல் நான்கு பேர். ஒப்பந்தத்தில் இங்கே வந்தவர்கள் போக, இனக் கலவரங்களுக்குப் பயந்து வடக்கே வன்னிக்குப் போய்ப் பிற்பாடு யுத்தத்தில் சிக்கினவர்கள் உண்டு. மிச்சமிருந்த நாடற்றவர்களின் கணக்கை 2003ஆம் வருஷச் சட்டம்தான் முடித்துவைத்தது. மலையக இளைஞர்கள் இன்று கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள். சித்தப்பாவின் பேத்தி ஒருத்தி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். ஏஜென்ட் ஒருவர் லயத்துக்கு வந்து, முன்பணம் கொடுத்து, கூட்டிப்போனாராம். அவளுடைய பிள்ளைகளை அவளுடைய அம்மா பார்த்துக்கொள்கிறார்.

உன் ஹாஸ்டல் பக்கத்தில் கட்டடம் கட்டுகிற பீகார்ப் பையன்கள் ஏன் அவ்வளவு தூரம் வருகிறார்கள் என்றும் கேட்டாயே. உங்கள் ஊரில் மழை இல்லையா, வேலை இல்லையா என்று அவர்களிடம் கேட்காதே. யார் கூப்பிட்டு வந்தீர்கள், வரும்போது கையில் என்ன கொடுத்தார்கள், அதைக் கழித்தாயிற்றா என்று கேள். இந்தி தெரியாவிட்டால் உன் வார்டனைக் கூட வைத்துக்கொள். 2020 ஊரடங்கில் அவர்களைப் போன்றவர்கள் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் நடந்ததை டிவியில் பார்த்தபோது உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டான். அவனுக்கு மாத்தளைப் பாதையின் கதை தெரியும்.

சித்தப்பா மகன் நம்பரை இதோடு எழுதி வைத்திருக்கிறேன். உனக்குச் சின்னத் தாத்தா முறை. 2023இல் நம்மவர்கள் போய் 200 வருஷம் ஆனதென்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பழைய பாதையில் ஜனங்கள் நடந்தார்களே, அதில் கடைசி இரண்டு நாள் அவனும் நடந்தான். கால் வீங்கிப்போனதாம். சாயந்தரம் ஏழு மணிக்கு மேல் கூப்பிடு, அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வீட்டில் இருப்பான். நீ யார் என்று கேட்டால் துறையூரான் வீட்டுப் பிள்ளை என்று சொல்லு. அங்கே இன்னும் நம் வீட்டுக்கு அந்தப் பேர்தான்.

அன்புடன்,
அப்பாயி