அரசியலமைப்பு நாளும் சங்கத்தின் துணைவிதியும்

ஆண்டுதோறும் நவம்பர் 26-ஆம் நாள் அரசியலமைப்பு நாளாக அனுசரிக்கப்படுகிறது. 1949-ஆம் ஆண்டில் அந்நாளில்தான் அரசியல் நிர்ணய சபை, ஏறத்தாழ மூன்றாண்டு ஆலோசனைக்குப் பின், நமது அரசியலமைப்புச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அச்சட்டம் முழு அளவில் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26-இல். அது குடியரசு நாள். இந்நாளை அரசியலமைப்பு நாளாகக் கொள்ளவேண்டும் என மத்திய அரசு அறிவித்தது 2015-ஆம் ஆண்டில்.

உறையூரில் தறிமுன் அமர்ந்திருக்கும் நெசவாளருக்கும், திருவரங்கத் தீவில் வாழைக்கு மண் அணைக்கும் விவசாயிக்கும் இந்நாளால் ஆவது என்ன? இவ்வினாவையே இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

சட்டத்தில் நமக்குள்ள இடம்

அரசியலமைப்பின் 43-ஆம் பிரிவு, உழைப்போர் யாவருக்கும் வாழ்க்கைக்குப் போதிய ஊதியம் கிடைக்க அரசு முயலவேண்டும் என்கிறது. கிராமப்புறங்களில் குடிசைத் தொழில்களைத் தனிமுறையிலேனும் கூட்டுறவு முறையிலேனும் வளர்க்க முயலவேண்டும் என்றும் அது கூறுகிறது. இப்பின்பகுதி முதல் வரைவில் இல்லை. 1948 நவம்பரில் நடந்த விவாதத்தில் சேர்க்கப்பட்டது. கோவையைச் சேர்ந்த பெருங் கூட்டுறவாளர் தி. அ. இராமலிங்கம் செட்டியார் அச்சபையில் உறுப்பினராக இருந்தார் என்பதும் நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

இப்பிரிவு ஒரு வழிகாட்டு நெறி. இதைக் காட்டி நேரே நீதிமன்றத்தில் வழக்காட இயலாது. ஆயினும் அது வெற்றுச் சொல் அன்று. சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. விசைத்தறியாளர் அதனை எதிர்த்து வழக்காடினர். 1993-இல் உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. நெறி சட்டமாகி, சட்டம் தறிக்குக் காவலான விதம் இது.

தொண்ணூற்றேழாவது திருத்தம்

2011-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 97-ஆவது திருத்தம் 2012 பிப்ரவரி 15 முதல் அமலுக்கு வந்தது. அது மூன்று காரியங்களைச் செய்தது. முதலாவது, குடிமக்களுக்குச் சங்கம் அமைக்கும் உரிமை அளிக்கும் 19-ஆம் பிரிவில் கூட்டுறவுச் சங்கங்களையும் சேர்த்தது. இரண்டாவது, கூட்டுறவுச் சங்கங்கள் தன்னுரிமையோடும் ஜனநாயக முறையிலும் இயங்க அரசு துணைபுரிய வேண்டும் என்னும் 43-ஆ பிரிவைத் தந்தது. மூன்றாவது, நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் ஐந்தாண்டு, குழுவில் பெண்களுக்கு இரண்டு இடம், உரிய காலத்தில் தணிக்கை என்பன போன்ற விதிகள் அடங்கிய ஒரு புதிய பகுதியைச் சேர்த்தது.

விதிகள் நல்லவையே. எனினும் அப்பகுதியை 2013-இல் குஜராத் உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. 2021 ஜூலை 20-இல் உச்சநீதிமன்றமும், பல மாநிலங்களில் இயங்கும் சங்கங்களைப் பொறுத்த அளவைத் தவிர, அதனை உறுதி செய்தது. காரணம் யாது? கூட்டுறவு மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். அதில் இத்தகைய மாற்றம் செய்வதற்குக் குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் வேண்டும். அவ்வொப்புதல் பெறப்படவில்லை.

முக்கொம்பில் ஆறு காவிரியாகவும் கொள்ளிடமாகவும் பிரிகிறது. எக்கிளைக்கு எவ்வளவு நீர் என்பதை அங்குள்ள கதவுகள் ஒழுங்கு செய்கின்றன. கரையில் நிற்பவர் எத்துணை நல்லெண்ணம் உடையவராயினும் தாமே கதவைத் திறக்கலாகாது. அதிகாரப் பங்கீடும் அத்தகையதே. நல்ல விதியாயினும் உரிய முறையில் வரவேண்டும் என்பதே அத்தீர்ப்பின் பாடம். முதலிரண்டு மாற்றங்கள் இன்றும் நிலைத்துள்ளன. நமது சங்கங்களை ஆள்வது 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம்.

நம் சங்கத்தின் அரசியலமைப்பு

நாட்டிற்கு அரசியலமைப்பு எப்படியோ, சங்கத்திற்குத் துணைவிதி அப்படி. முன்னாளில் இதனை உபவிதி என்றனர். நாடாளுமன்றமே முறை தவறித் திருத்தலாகாது எனின், நிர்வாகக் குழு மட்டும் தவறலாமோ? துணைவிதியைத் திருத்தப் பேரவையின் தீர்மானம் வேண்டும். அத்திருத்தம் பதிவும் பெற வேண்டும். பேரவையில் ஒரு பங்கு உடையவருக்கும் நூறு பங்கு உடையவருக்கும் வாக்கு ஒன்றே.

ஆயின் நாம் சங்கங்களைப் பார்வையிடும்போது காண்பது என்ன? துணைவிதி அலமாரியில் உறங்குகிறது. ஒரு நெசவாளர் சங்கத்தில் கூலியில் பிடித்தம் உயர்த்தப்பட்டதென உறுப்பினர்கள் முறையிட்டனர். தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தோம். முறையிட்டவர்களின் கையொப்பமே அதில் இருந்தது. கூட்டத்திற்கு அவர்கள் செல்லவில்லை. வீட்டிற்கு வந்த புத்தகத்தில் படியாமல் ஒப்பமிட்டிருந்தனர். பொருள் மீண்டும் பேரவை முன் வைக்கப்பட்டது. இம்முறை தார் சுற்றும் பெண் உறுப்பினர்களும் வந்து, பிடித்த தொகை எங்கே போகிறது, எப்போது திரும்பும் என்று கேட்டனர். முன்னதினும் குறைந்த பிடித்தமே முடிவாயிற்று. வாரந்தோறும் அடுப்பெரிக்கும் பணம் அது. அதனைக் காத்தது அவர்கள் நேரில் வந்து கேட்ட கேள்வியே.

பாவில் இழை அறுந்தால் நெசவாளர் உடனே நிறுத்திப் புனைகிறார். அறுந்தபடியே நெய்தால் துணி முழுவதும் பழுது. சங்க நடைமுறையிலும் முறைகேட்டை முதலிலேயே கண்டு திருத்துதல் நலம்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத் துணைவிதியின் படி உங்களிடம் உண்டா? பேரவையின் குறைவெண் எவ்வளவு?

2. சென்ற பேரவையின் தீர்மானங்கள் உறுப்பினர் முன் வாசிக்கப்பட்டனவா?

3. குடும்பத்தில் உடன் உழைக்கும் பெண்கள் உறுப்பினராகச் சேர்ந்துள்ளனரா? இல்லையெனின் தடை யாது?

வரும் நவம்பர் 26-இல் ஒவ்வொரு சங்கத்திலும் துணைவிதியை ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் கேட்டு ஐயம் வினவுதல் நன்று. மாலைப்பொழுதில் ஒரு மணி நேரம் போதும்.