உத்தியோகம் மாற எண்ணுவோருக்கு

மேலதிகாரியிடம் மனஸ்தாபம் கொண்ட அன்றைக்கே, கண்ணில் பட்ட விளம்பரங்களுக்கெல்லாம் ஒரே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைக் காட்டிலும், தாம் அடைய விரும்பும் பதவி இன்னதென்று நிச்சயித்துக்கொண்டு, அதற்கான விளம்பரங்கள் சிலவற்றைச் சேகரித்து, அவற்றில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் யோக்கியதைகளில் தம்மிடம் இல்லாதது எது என்று கண்டறிந்து, அதைச் சம்பாதிக்கும் முயற்சியை இப்போதைய உத்தியோகத்தில் இருந்தவாறே தொடங்குவதுதான் விவேகம். விண்ணப்பத்தில் 'பொறுப்புடன் பணியாற்றினேன்' என்று எழுதுவதால் பிரயோஜனம் இல்லை (அப்படி எழுதாதவர் யார்?), செய்த காரியத்தையும் அதனால் விளைந்த பலனையும் எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும். பழைய சகாக்களிடம் விசாரித்தால், விளம்பரத்துக்கு வராத இடங்களும் தெரியவரும்.

ராஜினாமாவுக்கு முன் கணக்குப் பார்ப்பது அவசியம். நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை உரிமை பொதுவாக 5 ஆண்டுத் தொடர்ச்சியான சேவைக்குப் பிறகே கிடைப்பதால், நான்காண்டு கடந்தவர் அவசரப்படலாகாது. வருங்கால வைப்பு நிதியை 5 ஆண்டுச் சேவைக்கு முன் எடுத்தால் வருமான வரி விதிக்கப்படக்கூடும் ஆதலால், அதை எடுத்துச் செலவிடாமல், அதே யு.ஏ.என். என்னும் வைப்பு நிதி உறுப்பினர் எண்ணின் கீழ்ப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நியமன உத்தரவு எழுத்தில் கைக்கு வரும்வரை ராஜினாமாவைப் பற்றி அலுவலகத்தில் மூச்சுவிட வேண்டாம்.