மண்ணுக்குள் வீடு கட்டும் தேனீ

தேனீ என்றாலே ராணியும் கூடும் தேனும்தான் நமக்கு ஞாபகம் வரும். கூட்டமே சேராத தேனீயும் உண்டு. அதில் ஒன்று, கறுப்பு வயிற்றில் நீலக்கோடு போட்ட நீலப்பட்டைத் தேனீ. மண்சுவரிலும் மண்மேட்டிலும் பென்சில் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருக்குமே, அது இதன் வீடாக இருக்கலாம்.

இதில் ராணி, வேலைக்காரத் தேனீ என்று யாரும் கிடையாது. ஒவ்வொரு அம்மாவும் தானே மண்ணைத் தோண்டி, உள்ளே சின்னச் சின்ன அறை செய்யும். தண்ணீர் இறங்காதபடி அறைக்குப் பூச்சும் பூசும். மகரந்தத்தையும் பூந்தேனையும் குழைத்து வைத்து, ஒரே ஒரு முட்டையிட்டு, மண்ணால் அடைத்துவிடும். பிள்ளை வெளியே வரும்போது பெரும்பாலும் அம்மா உயிரோடு இருக்காது. (இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.)

தேன் சேர்க்காத தேனீயால் நமக்கு என்ன பிரயோசனம்? கத்தரிப்பூவைப் பாருங்கள். மகரந்தம் மஞ்சள் குழாய்க்குள் இருக்கும், நுனியில் மட்டும் துளை. இந்தத் தேனீ பூவைக் கட்டிப்பிடித்து 'ஙொய்ங்' என்று உடம்பை அதிர வைக்கும். உப்பு டப்பாவைத் தட்டினாற்போல மகரந்தம் கொட்டும். கூட்டுத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் 14 ஓட்டை எண்ணினேன். சில பசங்க அதுல தண்ணி ஊத்துறாங்க, குச்சி விட்டுக் குத்துறாங்க. வேண்டாம்பா! இது விரட்டி வந்து கொட்டுகிற ஜாதி இல்லை. கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. அது ராத்திரியில் செடித்தண்டை வாயால் கவ்விக்கொண்டு தூங்கும். சாயங்காலம் இருட்டுகிற நேரம், வேலியோரம் சத்தம் போடாமல் போய்ப் பாருங்கள்.